மீந்துபோன ஐந்தாவது டேப்

இந்த வேலைக்கு இப்போது வந்திருக்கும் உங்களில் பலர் டேப்பைக் கையால் தொட்டிருக்க மாட்டீர்கள். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. நீங்கள் எங்கேயோ இருக்கும் ஒரு கணினிக்குக் கோப்புகளின் நகலை அனுப்புகிறீர்கள். திரையில் பச்சையாக ஒரு குறி வந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறீர்கள். நாங்கள் ஒரு நோட்டில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினோம். முப்பது வருட வேலையில் அந்த வார்த்தையை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு முறை, அது சரியில்லை என்று தெரிந்தே எழுதினேன். அந்த ஒரு முறையைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஆழ்வார்பேட்டையில் ஒரு மாடிக் கட்டடத்தில் எங்கள் ஆபீஸ். வெளிநாட்டுப் பதிப்பகங்களின் புத்தகங்களை இங்கே கணினியில் அச்சுக்கோத்துத் திருப்பி அனுப்புவது தொழில். பெரிய கூடத்தில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்வார்கள். அவர்கள் அடிப்பது எல்லாம் கூடத்தின் கோடியில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்த ஒரு கணினியில் போய்ச் சேரும். அந்தக் கண்ணாடி அறைதான் என் இடம். உள்ளே ஏசி எப்போதும் ஓடும். சித்திரை வெயிலிலும் நான் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கூடத்துப் பெண்களுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். அவர்கள் சிரிப்பது தெரியும், சத்தம் கேட்காது.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் மயிலாப்பூர்க்காரர். பெயர் வேண்டாம், பெரியவர் என்றே சொல்கிறேன். அப்போது அவருக்கு ஓய்வு பெற மூன்று நான்கு வருடம்தான் இருந்தது. ஆபீஸில் என்னோடு வேலைக்கு வெளியேயும் இரண்டு வார்த்தை பேசுகிற ஒரே ஆள் அவர்தான். “சாப்டியாம்மா?” என்று தினமும் கேட்பார். அந்த வருடம் வேறு யாரும் என்னை அப்படிக் கேட்கவில்லை. அதற்கு முந்தைய வருடம்தான் அம்மா போயிருந்தாள். மந்தைவெளியில் அம்மாவும் நானும் இருந்த வீட்டில் நான் மட்டும் இருந்தேன்.

வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கோப்புகளையும் டேப்பில் நகல் எடுத்து வைக்க வேண்டும். கூடம் காலியாக இருக்கும் நாளில்தான் அதைச் செய்ய முடியும். ஒரு டேப்பில் எல்லாம் அடங்காது. கைக்கு அடக்கமான புத்தகம் அளவில் ஐந்து டேப் கேட்ரிஜ்கள் வேண்டும். முதலிலேயே ஒன்று முதல் ஐந்து வரை எண் எழுதி ஒட்டி வரிசையாக வைத்துக்கொள்வேன். ஒன்று நிறைந்ததும் திரை அடுத்ததைக் கேட்கும். பழையதை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகி என்டர் தட்ட வேண்டும். ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் பிடிக்கும். டேப்பை ஓட்டும் பெட்டியான டிரைவ் அதை முன்னும் பின்னுமாக இழுத்து இழுத்து எழுதும் சத்தத்தைத் தவிர அந்த மாடியில் வேறு சத்தமே இருக்காது.

அந்த வேலைக்கு யாரும் வர மாட்டார்கள். நான் கையைத் தூக்கினேன். “பாவம், ஞாயித்துக்கிழமைகூட வருது” என்று மேனேஜர் எல்லாரிடமும் என்னைப் புகழ்ந்தார். நானும் ஆபீஸுக்கு ஏதோ உபகாரம் செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. வீட்டில் தொலைபேசி கிடையாது. நாக்பூரில் இருந்த அண்ணன் ஞாயிறு பதினொரு மணிக்கு ஆபீஸ் எண்ணுக்குக் கூப்பிடுவான். போன் கூடத்தில், வரவேற்பு மேஜையில் இருந்தது. பத்தரை மணியிலிருந்தே என் காது அங்கேதான் இருக்கும்.

அந்த ஞாயிறு இரண்டாவது டேப் முடியும் நேரத்தில் போன் அடித்தது. ஓடினேன்.

“அம்மா திவசத்துக்கு வரேன்னு சொல்லியிருந்தேன் இல்ல? லீவு கிடைக்கலை” என்றான் அண்ணன். “இங்கேயே ஒரு வாத்தியாரை வச்சுப் பண்ணிடறேன். நீ அதுக்காக அங்கே ஒண்ணும் அலைய வேண்டாம்.”

“நான் அலையறதுக்கு என்ன இருக்கு? நீங்க எல்லாரும் வருவீங்கன்னு அரிசி பருப்பெல்லாம் வாங்கி வச்சுட்டேன்.”

“அதை வச்சு நீ சாப்பிடேன்” என்று சிரித்தான். கெட்டவன் இல்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் சிரித்தான். பின்னால் குழந்தைகள் கத்துவது கேட்டது. வைத்துவிட்டான்.

கண்ணாடி அறைக்குத் திரும்பினேன். திரை மூன்றாவது டேப்பைக் கேட்டுக் காத்துக்கொண்டிருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து என்டர் தட்டினேன். டிரைவ் ஓடத் தொடங்கியது. நான் அழுதேனா என்று நினைவில்லை. டேப்பை மாற்றவில்லை என்பது மட்டும் இப்போது தெரியும். இரண்டாவது டேப் உள்ளேயே இருந்தது. அதில் எழுதியிருந்ததன் மேலேயே மூன்றாவது பங்கு எழுதப்பட்டது.

அதற்குப் பிறகு திரை கேட்ட எண்ணை நான் படிக்கவே இல்லை. கேட்கும்போதெல்லாம் அடுத்ததைச் செருகினேன். நான்காம் எண் ஒட்டிய டேப் வெளியே வந்தபோது திரையில் ‘முடிந்தது’ என்று வந்தது. மேஜையில் ஐந்தாம் எண் ஒட்டிய டேப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் கிடந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. ஒரு நிமிடம்கூட இருக்காது. என் வேலை வாழ்க்கையில் மிக நீளமான நிமிடம் அது. போன வாரம் ஐந்து டேப் ஆனது. அதற்கு முந்தின வாரமும் ஐந்து. ஒரு வாரத்தில் கூடத்துப் பெண்கள் அடித்தது கூடியிருக்குமே தவிர, எப்படிக் குறையும்? யாராவது பழையதை அழித்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொன்னேன். இரண்டாவது டேப்பை எடுத்துச் செருகி, அதில் இருப்பது எத்தனையாவது பங்கு என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து நான்கு மணி நேரம் அந்த அறையில் உட்கார வேண்டும். அன்றைக்கு என்னால் அது முடியாது என்று தோன்றியது.

நோட்டை எடுத்தேன். தேதி போட்டு, ‘நான்கு டேப். சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பஸ் பிடித்து பெசன்ட் நகர் போய், ஊரூர் குப்பத்துப் பக்கம் கட்டுமரங்களுக்கு அருகில் மணலில் உட்கார்ந்திருந்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண், “இன்னாம்மா, யாருக்கோசரம் காத்துக்கினு கீற?” என்று கேட்டாள். யாருக்காகவும் இல்லை என்றேன்.

புதன்கிழமை காலை, கோப்புகள் எல்லாம் இருந்த கணினியின் வட்டு உள்ளேயிருந்து நகத்தால் தட்டுவது போலச் சத்தம் போட்டது. பத்து மணிக்கு நின்றுவிட்டது.

இயந்திரங்களைப் பராமரித்துக் கொடுத்த சின்ன கம்பெனியிலிருந்து கரீம் பாய் வந்தார். ராயப்பேட்டைக்காரர், நாற்பதைத் தாண்டியவர், பள்ளிக்கூடம் போகும் மூன்று பெண்களின் தகப்பன். மாலைக்குள் புது வட்டு மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். வியாழன் காலை பெரியவரும் நானும் டேப்பிலிருந்து கோப்புகளைத் திருப்பி ஏற்ற உட்கார்ந்தோம். திங்கள், செவ்வாய் வேலை எப்படியும் போனதுதான். அது எல்லாருக்கும் தெரியும். ஞாயிறு வரையிலான வேலை டேப்பில் பத்திரமாக இருக்கிறது என்றுதான் கூடமே நம்பிக்கொண்டிருந்தது.

முதல் டேப் ஏறியது. இரண்டாவதைச் செருகினேன். இது இரண்டாவது அல்ல, மூன்றாவது என்று திரை சொன்னது.

பெரியவர் திரையைப் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்துப் பக்கத்தைப் புரட்டினார். ‘நான்கு டேப்’ என்ற இடத்தில் அவர் விரல் நின்றது.

“நாலுதான் ஆச்சுன்னதும் உனக்குத் தோணலையா?”

தோன்றவில்லை என்று சொல்லியிருக்கலாம். “தோணித்து சார்” என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “சரி. மத்ததை ஏத்து. போன வாரத்து செட்டுலேர்ந்து இரண்டாவதை எடுத்து, கிடைச்ச வரைக்கும் போடு. ஒரு வாரத்துத் திருத்தம் போயிடும்.” எழுந்து கதவு வரை போனவர் திரும்பினார். “மேனேஜர்கிட்ட நான் பேசிக்கறேன். டிரைவ் படிக்க மாட்டேங்கறதுன்னு சொல்லிடறேன். நீ வாயைத் திறக்காதே. அம்மா போய் ஒரு வருஷம்கூட ஆகலை, வேலையும் போச்சுன்னா என்ன பண்ணுவே?”

நான் தலையை ஆட்டினேன். இதையும் உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அந்த நேரத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. யாரோ ஒருவர் என் பக்கம் நிற்கிறார் என்பதே பெரிதாக இருந்தது. அந்தப் பொய் போய் யார் தலையில் விழும் என்று நான் யோசிக்கவில்லை. அவரும் யோசித்திருக்க மாட்டார்.

மதியம் கரீம் பாய் மறுபடி வந்தார். மேனேஜர் அவருடைய முதலாளிக்குப் போன் செய்து கத்தியிருக்கிறார். பாய் கண்ணாடி அறையில் தரையில் துணி விரித்து டிரைவைக் கழற்றிப் போட்டார். டார்ச் அடித்துப் பார்த்தார். பஞ்சால் துடைத்துப் பஞ்சைப் பார்த்தார். மாட்டி, தன் பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்து எழுதிப் படித்தார். மறுபடி எழுதிப் படித்தார். மூன்று முறை. நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க” என்றார். “ஹெட்டு சுத்தமா கீது. மோட்டாரும் நல்லா ஓடுது. இன்னா கோளாறுன்னே எனக்கு வெளங்கல.”

நான் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

“போன மாசம் நான்தான் இத்த சர்வீஸ் பண்ணேன். எதுனா கவனிக்காம வுட்டுட்டேனோ இன்னாவோ. எங்க முதலாளி சொல்லி அனுப்பிச்சுட்டாரு, ‘கஸ்டமர் இன்னா சொல்றாங்களோ அப்டியே எழுதிக் குடுத்துட்டு வா’ன்னு.” பையிலிருந்து சர்வீஸ் தாளை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார். “நம்ம மேலதான் தப்பு இருக்கும். இருபது வருசமா இந்த வேலைதான் பண்றேன். கண்ணு வேற இப்பல்லாம் சரியா தெரியல.”

அவர் உண்மையிலேயே தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார். பேனாவைத் திறந்து தேதி எழுதினார்.

“எழுதாதீங்க பாய்” என்றேன்.

“ஏன் மேடம்?”

“டிரைவ் நல்லாத்தான் இருக்கு. நான்தான் டேப்பை மாத்த மறந்துட்டேன்.”

பாய் பேனாவை மூடவில்லை. நான் சொன்னது அவருக்கு உடனே விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல எனக்கும் தைரியம் இல்லை. அங்கேயே நின்றால் மனம் மாறிவிடும் என்று பயந்து நேராகக் கூடத்தைக் கடந்து மேனேஜர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேனா என்று தெரியாது. உள்ளே மேனேஜருக்கு எதிர் நாற்காலியில் பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

“சார், டிரைவ் மேல தப்பு இல்ல. ஞாயித்துக்கிழமை ஒரு டேப்பை மாத்தாம அது மேலேயே எழுதிட்டேன். ஒரு டேப் மிஞ்சினப்பவே சந்தேகம் வந்தது. பார்க்காம சரின்னு எழுதிட்டேன்.”

மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை. பெரியவரைப் பார்த்தார். “நீங்க டிரைவ்னு சொன்னீங்களே?”

பெரியவர் முகம் சிவந்து பிறகு வெளுத்ததைப் பார்த்தேன். அந்த ஆபீஸில் அவர் சொன்னதை அதுவரை யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை. எனக்காகச் சொன்ன ஒரு பொய்க்காக, என் எதிரிலேயே, அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

உண்மையைச் சொல்லுங்கள் என்று எல்லாரும் உங்களுக்குச் சொல்வார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் நான் செய்த இரண்டாவது தப்பையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்காக ஒருவர் பொய் சொல்லியிருந்தால், அதை உடைப்பதற்கு முன் அவரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவரே எழுந்து திருத்திக்கொள்ள ஒரு வழி விடுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும். என்னிடம் அந்த ஐந்து நிமிடம் இருந்தது, பொறுமைதான் இல்லை.

போனது ஒரு பெரிய கணிதப் புத்தகத்தின் திருத்தங்கள். கூடத்துப் பெண்கள் சிவப்பு மையில் குறித்த தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி அடித்தார்கள். எனக்கு அவ்வளவு வேகமாக அடிக்க வராது என்பதால் தாள்களை வரிசைப்படுத்திக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர்களில் கலா என்ற பெண் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

“நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது இல்லக்கா?”

“தெரிஞ்சிருக்காது.”

“பேசாம மெஷின் மேல பழியப் போட்டிருக்கலாம். மெஷினைத் திட்டிக்கிட்டே அடிச்சிருப்போம். இப்ப உங்களை எதிர்ல வச்சிக்கிட்டு திட்டவும் முடியலை.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மதியம் சாப்பாட்டுக்கு அவர்கள் சேர்ந்து உட்கார்ந்தபோது என்னை யாரும் கூப்பிடவில்லை. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை.

வேலை போகவில்லை. மேனேஜர் ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வேலையை என்னிடமிருந்து எடுத்துப் பெரியவரிடம் கொடுத்தார். பெரியவர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். வேலை விஷயம் என்றால் ஒரு சீட்டில் எழுதி என் மேஜையில் வைப்பார். ‘சாப்டியாம்மா’ நின்றுபோனது. கரீம் பாய் மட்டும் அடுத்த முறை வந்தபோது, “நம்ம கண்ணு நல்லாத்தான் கீது மேடம், கண்ணாஸ்பத்திரிக்கே போய் செக் பண்ணிட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைகள் எவ்வளவு நீளம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆபீஸ் எண்ணுக்குக் கூப்பிட வேண்டாம் என்று அண்ணனுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். காலையில் துணி துவைப்பேன். பதினொரு மணிக்கு முன்பே சமையல் முடிந்துவிடும். அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இருக்காது. அம்மாவின் திவசம் வந்த அன்று வாங்கி வைத்த அரிசியில் கொஞ்சம் எடுத்துச் சமைத்து, இலை போட்டு, தனியாகச் சாப்பிட்டேன். நான் ஆபீஸுக்கு உபகாரம் செய்யவில்லை, அந்தக் குளிர் அறைதான் எனக்கு உபகாரம் செய்துகொண்டிருந்தது என்று புரிந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், விடுமுறை நாளில் தானாக வேலைக்கு வருகிற ஆளை ‘பாவம்’ என்று புகழ்ந்துவிட்டுப் போய்விடாதீர்கள். ஏன் வருகிறார் என்று ஒரு தடவை கேளுங்கள்.

ஏழெட்டு வாரம் போயிருக்கும். ஒரு ஞாயிறு மதியம் இரண்டு மணி வெயிலில் யாரோ கதவைத் தட்டினார்கள். பெரியவர் நின்றுகொண்டிருந்தார். ஆழ்வார்பேட்டையிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். சட்டை முழுக்க வியர்வை.

“உள்ளே வாங்கோ சார்.”

“இல்லை, இங்கேயே சொல்றேன்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “மூணாவது டேப் ஓடிண்டிருக்கும்போது கரண்ட் போய் வந்தது. பேட்டரி தாங்கிண்டுடுத்து. ஸ்க்ரீன்ல ஒரு குறையும் சொல்லலை. அஞ்சு டேப்பும் முடிஞ்சுடுத்து. ஆனா அந்த நேரத்துல டிரைவ் ஒரு க்ஷணம் நின்னுட்டு ஓடித்து. என் கண்ணால பார்த்தேன்.”

“என்ன எழுதினீங்க சார் நோட்டுல?”

“எழுத உக்காந்தேன். கை ஓடலை.” கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “உனக்குப் போன் கிடையாதே. அதான் வந்தேன்.”

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். நின்றபடியே குடித்தார். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம். லஸ் தாண்டினோம்.

“அன்னிக்கு நீ என்கிட்ட முதல்ல வந்து சொல்லியிருக்கலாம்” என்றார்.

“சொல்லியிருக்கணும் சார். தப்புதான்.”

கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “அந்த பாய்க்கு மூணு பொண்ணாமே” என்றார். “எனக்குத் தெரியாது. கேட்டுக்கவே இல்லை.”

ஆபீஸில் மின்விசிறியைக்கூடப் போடாமல் நேராகக் கண்ணாடி அறைக்குப் போனோம். மூன்றாவதை மட்டும் படித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்றார். கூடத்திலிருந்து இன்னொரு நாற்காலியை இழுத்து வந்து போட்டேன். திரை கேட்ட எண்ணை அவர் உரக்கப் படித்தார், கையிலிருந்த டேப்பின் எண்ணை நான் உரக்கச் சொன்னேன், அப்புறம்தான் செருகினேன். இரண்டு பேர் மட்டும் இருக்கும் மாடியில் அப்படி எண்களைச் சொல்லிக்கொண்டிருப்பது முதலில் கூச்சமாக இருந்தது. மூன்றாவது டேப்புக்குள் பழகிவிட்டது. நடுவில் அவர், “சாப்டுட்டுத்தானே வந்தே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மூன்றாவது டேப் நன்றாகத்தான் இருந்தது. ஐந்துமே நன்றாகத்தான் இருந்தன. அதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு மாலை ஏழு மணி ஆயிற்று.